எழுத்து அழித்த கூலி

பேரணாம்பட்டில் எங்கள் பள்ளி.
ஆய்வக ஜன்னலைத் திறந்தால் தோல் ஷாப்பு நெடி,
மூடினால் உள்ளே அழுகிய முட்டை வாயு.
நான் அங்கே உதவியாளர்.
பிப்பெட், பர்னர், உடைந்தவை, கடன் போனவை
எல்லாப் பதிவேடும் என் கையெழுத்தில்.

சுவரில் ஆறு வட்டம் போட்டு
ஆளுக்கொரு விஞ்ஞானி என்றார்
தலைமையாசிரியர் தேசிங்கு.
வி.கோட்டாவிலிருந்து மலை இறங்கி வந்தார்
பெயிண்டர் முனிரத்தினம்.
பத்தலப்பல்லி வளைவில் யானை நின்றதால்
முதல் நாளே இரண்டு மணி நேரம் தாமதம்.
அவர் தமிழ் எழுதினால்
ககரத்தின் மேல் தெலுங்குத் தலைக்கட்டு முளைக்கப் பார்க்கும்.
பாதியில் நினைவு வந்து
கையை இழுத்துக்கொள்வார்.

ஆறாவது வட்டத்துக்கு
நான் கொடுத்த படத்தில் நிஜமாகவே தலைக்கட்டு.
நீளக் கோட்டு, நுனி சுருண்ட செருப்பு.
'யாருங்க, கல்யாண மாப்பிள்ளையா?'
'பரிசு வாங்கப் போறாரு.'
'அப்ப மாப்பிள்ளைதான்.'
பெயருக்குக் கீழே நான் சொல்லச் சொல்ல எழுதினார்:
நோபல் பெற்ற முதல் முஸ்லிம் விஞ்ஞானி.
ஜங், பாகிஸ்தான். 1979.

திங்கட்கிழமை வந்தார் செங்கல்வராயன்,
பழைய மாணவர் சங்கப் பொருளாளர்.
மகன் ரஜோரியில் காவல் நிற்கிறான்.
சத்தம் போடவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து
சுவரைப் பார்த்தார், ரொம்ப நேரம்.
'அந்த ஊர்ப் பேரு இங்க வேணுமா சார்?'

செவ்வாய்க்கிழமை முனவ்வர் சாகிப்.
ஆய்வகத்து மின்விசிறி நாலும் அவர் கொடுத்தவை.
நோன்பு, டீ வேண்டாம் என்றார்.
அவரும் சத்தம் போடவில்லை.
'அவர் எங்க ஆள் இல்லீங்களே.
அவங்க நாடே சட்டம் போட்டுச் சொல்லிடுச்சு.
அந்த ஒரு வார்த்தை மட்டும்.'

விளக்கை எரியவைக்கும் விசையும்
அணுக்கருவை உள்ளிருந்தே சிதைக்கும் விசையும்
அடியில் ஒன்றுதான் என்று
கணக்கால் காட்டியவர்களில் ஒருவர் அவர்.
எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரே வரி.
பரீட்சைக்கு வராது.
திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

'ரெண்டு வார்த்தைதானே' என்றார் தேசிங்கு.
முனிரத்தினம் மறுபடி மலை இறங்கினார்.
எழுத, எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
அழிக்க இருபது.
சுவர் நிறம் கலக்கிக் கொண்டுவரணுமே.
நான்கும் ஐந்தும் ஒன்பது எழுத்து.
'புள்ளி வச்ச எழுத்துக்கும் அதே கூலியா?'
'புள்ளிதான் சார் லேசுல போகாது.'

அவர் துடைத்துக்கொண்டிருக்கையில்
நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அங்கே, அவர் கல்லறையிலும்
இதே முதல் சொல்லை மறைத்தார்களாம்.
எழுத்துக்கு எவ்வளவு வாங்கினார்களோ.

நாலாவது வட்டத்தில்
கப்பலில் போகும்போதே
நட்சத்திரம் தாங்கும் கனத்தைக் கணக்குப் போட்ட
நம் தமிழர் இருக்கிறார்.
அவருக்குக் கீழே 'பிறப்பு: லாகூர்' என்று
அதே கை, அதே பெயிண்டில் எழுதியிருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
அமில பீரோ பாதி மறைக்கிறது.

இப்போது ஆறாவது வட்டத்தில்
நோபல் பெற்ற முதல், ஓர் இடைவெளி, விஞ்ஞானி.
ஜங், காற்புள்ளி, ஓர் இடைவெளி.
பதினோராம் வகுப்பு நவீதா
தனி ஊசல் அலைவை எண்ணும்போது கேட்டாள்:
'இது கோடிட்ட இடமா, அக்கா?
நிரப்பணுமா?'
பதினேழில் எண்ணிக்கை விட்டுப்போய்
முதலிலிருந்து எண்ணினாள்.

நூற்றெண்பது ரூபாயை
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.
சோதனைக் குழாய் இரண்டு டஜனுக்கும்
வடிதாளுக்கும் நடுவே
'எழுத்து அழித்த கூலி' என்று எழுதிவிட்டேன்.

மார்ச்சில் தணிக்கை.
வேலூரிலிருந்து வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை.
பச்சை மையில் ஒரு சுழி,
ஓரத்தில் ஓர் ஆட்சேபணை:
'அழிக்கப்பட்ட சொற்கள் எவை?
விவரம் மூன்று படிகளில் தருக.'

கார்பன் தாள் வைத்து எழுதினேன்,
மூன்றாவது படியிலும் விழவேண்டுமே என்று
அழுத்தி, புள்ளி உட்பட.